இம்பால் இமா கெய்தெல்: பையோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மணிப்பூரின் தலைநகர் இம்பாலில், காங்லாக் கோட்டையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் குவைரம்பந்த் கடைவீதி. அதன் நடுவில் மூன்று பெரிய கூடங்கள். உயர்த்திக் கட்டிய மேடைகளில் வரிசை வரிசையாகப் பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்கள். பெரும்பாலானோர் நடுவயதைத் தாண்டியவர்கள். இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தெய் மக்களின் மொழியில் ‘இமா’ என்றால் அம்மா, ‘கெய்தெல்’ என்றால் சந்தை. வாங்க வருகிறவர்கள் எல்லா வயதினரும் இவர்களை ‘இமா’ என்றே கூப்பிடுகிறார்கள். சுமார் 5,000 பெண்கள் இங்கே விற்கிறார்கள் என்று சொல்வது வழக்கம். ஆண்கள் வாங்கலாம், மூட்டை இறக்கலாம். கடை போட முடியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காய், கீரை, மீன், அரிசி, மிளகாய், புளிக்கவைத்த பொருட்கள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் மணிப்பூரில் இல்லை. துணிக்கும் இதுவே இடம். ஆனால் விசைத்தறித் துணியையும் கைத்தறியையும் பிரித்தறியும் கண் வேண்டும். இன்னொன்று: இந்தச் சந்தையை வேடிக்கை பார்க்கும் இடமாக நினைத்துப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். வெள்ளைக்கார அரசை இரண்டு முறை பின்வாங்க வைத்தவர்களின் சந்தை இது. நம் பக்கத்தில் விடுதலைப் போராட்டம் பற்றிப் பேசும் மேடைகளில் இவர்கள் பெயர் அநேகமாக வருவதே இல்லை.

மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தாருக்கு இன்னர் லைன் பர்மிட் வேண்டும். 2020 ஜனவரி முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. கிளம்புமுன் இணையத்தில் விண்ணப்பித்து அச்சுப்பிரதி எடுத்துக்கொண்டால் விமான நிலையத்தில் நிற்கும் நேரம் மிச்சம். 2023 மே மாதம் மெய்தெய், குக்கி மக்களிடையே மூண்ட மோதலுக்குப் பிறகு நிலைமை இன்னும் முழுதாகச் சீராகவில்லை. ஊரடங்கு, பந்த் நாட்களில் சந்தை மூடிக்கிடக்கும். மலை மாவட்டங்களிலிருந்து வர வேண்டிய சில பொருட்கள் முன்போல் வருவதில்லை. ஆகவே ஒரே நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரண்டு காலைப் பொழுதாவது கையில் இருக்கட்டும்.

நேரம் முக்கியம். இந்தியக் கடிகாரத்துக்கு இம்பாலில் பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் அடங்கும். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மீனும் கீரையும் வேண்டுமென்றால் காலை 7 மணிக்குள் போய்விட வேண்டும். துணி பார்க்கப் பத்து மணிக்கு மேல் போகலாம். அப்போதுதான் மூட்டைகளைப் பிரித்து அடுக்கி முடித்திருப்பார்கள், வெளிச்சமும் சரியாக இருக்கும். சாலையின் ஒரு பக்கத்துக் கூடங்களில் காய், பழம், மீன், மளிகை. மறுபக்கம் கைத்தறியும் வீட்டுச் சாமான்களும். கூடங்களுக்கு மெய்தெய் பெண் தெய்வங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: லெய்மரேல் சிதபி, இமோய்னு, பௌஒய்பி. பூமித்தாய், அடுப்பங்கரையையும் செல்வத்தையும் காக்கிறவள், நெல்லுக்குரியவள். சந்தையின் கணக்கு வழக்கே இந்த மூன்று பெயர்களில் அடங்கிவிடுகிறது.

மேடையில் ஒரு இடம் கிடைப்பது எளிதல்ல. மணமான பெண்களுக்குத்தான் இடம். அது தாயிடமிருந்து மகளுக்கோ மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ கைமாறும். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ‘லல்லுப்’ முறையைக் காரணம் சொல்கிறார்கள். பழைய மணிப்பூர் அரசில் 17 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் 40 நாளுக்கு 10 நாள் அரசனுக்கு ஊதியமில்லாமல் உழைக்க வேண்டும். பாதை போடுவார்கள், படைக்குப் போவார்கள். வீட்டில் இருந்த பெண்கள் விதைத்தார்கள், அறுத்தார்கள், நெய்தார்கள், விளைந்ததை விற்றார்கள். சந்தையின் வேர் 16ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. ஆகவே இங்கே பெண்கள் கடை வைத்தது யாரோ பார்த்துக் கொடுத்த சலுகை இல்லை. அந்த நாட்டின் பொருளாதாரம் அவர்கள் தோளில்தான் நின்றது.

1891 போருக்குப் பின் ஆங்கிலேயர் கைக்கு மணிப்பூர் போனது, லல்லுப்பும் ஒழிந்தது. ஆனால் 1904இல் இம்பாலில் வெள்ளை அதிகாரிகளின் பங்களா தீப்பிடித்து எரிந்தபோது, மேலதிகாரி மாக்ஸ்வெல் உள்ளூர் ஆண்கள் பர்மா பக்கம் இருக்கும் கபாவ் பள்ளத்தாக்குக்குப் போய்த் தேக்கு மரம் கொண்டுவந்து கூலியில்லாமல் கட்டித்தர வேண்டும் என்று ஆணையிட்டார். ஒழிந்த லல்லுப் புறவாசல் வழியாக வந்தது. சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். படையை வைத்து விரட்டியும் அடங்கவில்லை. ஆணை திரும்பப் பெறப்பட்டது. இதுதான் முதல் ‘நூபி லான்’, அதாவது பெண்களின் போர். இரண்டாவது போர் அரிசிக்காக நடந்தது. அதை அரிசி வரிசைக்குப் போகும்போது சொல்வதுதான் பொருத்தம்.

முதலில் ஙாரி. இந்தச் சந்தையின் வாசமே அதுதான். பொடிக்கெண்டை வகையைச் சேர்ந்த ‘பபௌ’ என்ற சிறு மீனை வெயிலில் காயவைத்து, கழுவி, நீரை வடித்து, உள்பக்கம் கடுகெண்ணெய் பூசிய மண்பானையில் காலால் மிதித்து அழுத்தி நிரப்புவார்கள். ஒரு பானை 40 கிலோ அளவுக்குப் பிடிக்கும். வாயைக் காற்றுப் புகாமல் அடைத்து 4 முதல் 6 மாதம் வைத்துவிடுவார்கள். உப்பே சேர்ப்பதில்லை. நம் கருவாட்டைக் கெடாமல் காப்பது உப்பு. ஙாரியைக் காப்பது காற்றில்லாத அந்த இறுக்கம். ஆகையால் பானை சரியாக அடைபடாமல் போனால் மொத்தமும் கெட்டுவிடும்.

நல்ல ஙாரியை எப்படிக் கண்டுபிடிப்பது? மீன் முழுசாக, வயிறு உடையாமல் இருக்க வேண்டும். நிறம் வெளிர் பொன்னும் வெள்ளியும் கலந்தாற்போல இருக்கும். விரலால் அழுத்தினால் மெழுகுபோல அமுங்க வேண்டும், நீர் கசியக் கூடாது. செம்பழுப்பு நிறமாகிச் சதசதவென்று இருந்தால் பானையில் ஈரம் தங்கிவிட்டது என்று அர்த்தம். வாடை பலமாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் நாசியைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் வேண்டாம். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு 100 கிராம் போதும், அதுவே ஒரு குடும்பத்துக்கு நாலைந்து வேளை வரும். ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் வாழையிலையில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் இட்டு, மேலே இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். மூன்று அடுக்கில் ஒன்றைத் தவிர்த்தாலும் பெட்டியில் உள்ள துணியெல்லாம் மணக்கும். கடும் வாடையுள்ள பொருளை விமானத்தில் மறுத்துவிட வாய்ப்புண்டு என்பதால் கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

வாங்கிய ஙாரியை வைத்து எரோம்பா செய்து பார்க்கலாம். நாலு பேருக்கு நடுத்தர உருளைக்கிழங்கு 3, ஒரு கைப்பிடி பீன்ஸ் அல்லது பட்டாணி, காய்ந்த மிளகாய் 6, ஙாரி 3 அல்லது 4. எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். கிழங்கையும் காயையும் மிளகாயோடு சேர்த்துக் குழைய வேகவையுங்கள். ஙாரியைத் தணலில் அல்லது இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை வாட்டுங்கள். முதலில் மிளகாய், உப்பு, ஙாரி மூன்றையும் சேர்த்து நன்றாக மசித்துவிட்டு, பிறகு கிழங்கைப் போட்டுக் கையாலோ மத்தாலோ மசிக்க வேண்டும். வேகவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்தி, மேலே மரோய்க் கீரையையும் கொத்தமல்லியையும் அரிந்து தூவினால் முடிந்தது. மரோய் என்பது வெங்காயத்தாளும் பூண்டும் கலந்தது போன்ற சுவையுடைய தாள். கட்டுக் கட்டாக இங்கேயே கிடைக்கும். மிக்ஸியில் அரைத்தால் கிழங்கு பசைபோல இழுபடும். ஙாரியை வாட்டாமல் போட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. எரோம்பா பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தவர்கள்தான்.

புளிக்கவைத்த பொருட்களில் இன்னும் இரண்டு. சோய்பும் என்பது நறுக்கிப் புளிக்கவிட்ட மூங்கில் குருத்து. வெளிர் நிறமாக, கடித்தால் கறுக்கென்று இருப்பதைப் பாருங்கள். வழவழப்பும் கரும்புள்ளியும் உள்ளதை விட்டுவிடுங்கள். ஹவாய்ஜார் என்பது சோயா மொச்சையை அவித்து இலையில் சுற்றி 3 முதல் 5 நாள் சூட்டில் வைத்துப் புளிக்கவைத்தது. பிரித்தால் நூல் நூலாக இழுபட வேண்டும், அதுதான் சரியான பதம். இதை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். வெப்பமான ஊருக்கு எடுத்துப்போகும் பொருள் அல்ல.

மிளகாயில் ‘ஊ மொரோக்’ எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் அளவுக்குக் காரம். நறுக்கிப் போடாமல், கொதிக்கும் குழம்பில் காம்போடு முழுதாக இட்டு ஒரு கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள். மணம் இறங்கும், காரம் அடங்கியிருக்கும். தோல் கிழிந்தால் சட்டி முழுதும் போச்சு. உக்ருல் மாவட்டத்துச் சிராரகோங் ஊரின் ஹாதெய் மிளகாய் வேறு ரகம். நீளமாக, ஆழ்ந்த சிவப்பாக, காரம் மிதமாக இருக்கும். 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. குழம்புப் பொடிக்கு நிறம் வேண்டுகிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். யோங்சாக் என்னும் நீண்ட தட்டைக் காய் குளிர்காலத்தில் வரும். மணிப்பூரில் அந்த மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போனதால் ஒரு காயின் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஏமாற்றவில்லை. மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு மெல்லிசாக அரிந்து சிங்ஜு என்ற பச்சைக் கலவையில் போடுவார்கள். முட்டைக்கோஸ், தாமரைத்தண்டு, வறுத்துப் பொடித்த ஒருவகை எள் போன்ற விதை, மிளகாய் எல்லாம் சேரும். சந்தையைச் சுற்றிப் பல இடங்களில் அப்போதே கலந்து தருகிறார்கள். ஙாரி வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இப்போது அரிசி. கறுப்பு நிறத்தில் குவித்து வைத்திருப்பது சாக்-ஹாவ். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டுக் கவுனி அரிசி தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி. அதே பசைத்தன்மை, ஆனால் வாசம் தனி. சாயம் ஏற்றியதா என்று சந்தேகம் வந்தால் இரண்டு சோதனைகள் போதும். உலர்ந்த அரிசியை வெள்ளைத் துணியில் தேயுங்கள், கறை பிடிக்கக் கூடாது. கொஞ்சம் அரிசியை ஊறவைத்த ஊதா நீரில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், சிவப்பாக மாற வேண்டும். இயற்கை நிறமி புளிப்புக்கு நிறம் மாறும். ஊறவைத்தால் நீர் ஊதாவாவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே சமைக்க வேண்டும்.

பாயசத்துக்கு ஒரு டம்ளர் அரிசியை 8 மணி நேரம் ஊறவைத்து, மூன்று டம்ளர் நீரில் குக்கரில் வேகவிடுங்கள். நசுக்கினால் மாவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பாலும் சர்க்கரையும். சர்க்கரையை முன்னாலேயே போட்டால் அது நீரை இழுத்துக்கொள்ளும், அரிசி எத்தனை விசில் விட்டாலும் விறைத்தே நிற்கும். சாக்-ஹாவ் வேகவே இல்லை என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான், மீதி ஊறாதது.

இந்த அரிசி வரிசையில்தான் 1939 நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆண்டு மழை பருவம் தப்பிக் கொட்டி விளைச்சலைக் கெடுத்தது. ஆனாலும் அரிசி வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளியூர் வியாபாரிகள் வைத்த அரவை ஆலைகள் நெல்லை மொத்தமாக வாங்கி, அரைத்து, லாரியில் ஏற்றின. நெல் வாங்கி, உரலில் குத்தி, அரிசியாக விற்றுப் பிழைத்த பெண்களுக்கு இரட்டை அடி. வீட்டில் அரிசி இல்லை, கையில் தொழிலும் இல்லை. விலை ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 12 அன்று அவர்கள் அரசவை அலுவலகத்துக்குப் போய் அரிசி ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னார்கள். அரசவைத் தலைவராக இருந்த ஷார்ப் என்ற ஆங்கிலேய அதிகாரி, மகாராஜா வங்காளத்து நவத்வீபத்தில் இருப்பதால் அவர் உத்தரவில்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றார். அப்படியானால் தந்தி அடியுங்கள் என்று அவரைத் தந்தி அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பதில் வரும்வரை வெளியே விடாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். அசாம் ரைபிள்ஸ் படை வந்து துப்பாக்கிக் கட்டையாலும் பயனெட்டாலும் தாக்கியதில் 21 பெண்கள் காயமடைந்தார்கள். மறுநாள் ஏற்றுமதித் தடை உத்தரவு வந்தது.

அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஓராண்டுக்கு மேல் சந்தையைப் புறக்கணித்தார்கள். அன்றாட வருமானத்தில் வாழ்கிறவர்கள் தங்கள் கடையைத் தாங்களே மூடி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சிறு கடை நடத்தியவர்களுக்குத் தெரியும். அந்த நிகழ்ச்சியைத் தேடினால் மாக்ஸ்வெல் பெயரும் ஷார்ப் பெயரும் முதல் வரியிலேயே கிடைக்கின்றன. காயம்பட்ட 21 பேரும் பெரும்பாலும் ஒரு எண்ணாகவே நிற்கிறார்கள். மணிப்பூரில் ஆண்டுதோறும் டிசம்பர் 12ஐ நூபி லான் நாளாக நினைவுகூர்கிறார்கள். மணிப்பூருக்கு வெளியே அந்தத் தேதிக்கு அநேகமாக யாரும் ஒரு பூ வைப்பதில்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

துணிப் பக்கத்துக்கு வருவோம். மொய்ராங் பீ என்ற சேலையின் இரு கரையிலும் படிப்படியாக ஏறும் முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். பார்த்தவுடன் நம் டெம்பிள் பார்டர் நினைவுக்கு வரும். மெய்தெய் மரபில் அது பாகங்பா என்ற நாகதெய்வத்தின் பல். கூடுதல் ஊடை நூலைக் கையால் கோத்து நெய்வது. அசலா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். கைத்தறியில் பின்பக்கமும் முக்கோணம் ஏறக்குறைய முன்பக்கம்போலத் துலக்கமாக இருக்கும், நூல் ஓரத்தில் மடங்கித் திரும்பியிருக்கும். விசைத்தறிப் போலியில் பின்பக்கம் வெட்டிவிட்ட நூல்கள் பிசிறாக நிற்கும். அச்சடித்ததாக இருந்தால் பின்பக்கம் நிறம் மங்கியிருக்கும். கரையோரத்தில் சீரான இடைவெளியில் ஊசித்துளைகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கழியின் தடம் அது. முக்கோணங்கள் எல்லாம் துல்லியமாக ஒரே அளவில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

வாங்கெய் பீ மெல்லிய பருத்தி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். மேலே போர்த்தும் இன்னாபிக்கு உகந்தது. குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டை போட்டு அலசி, பிழியாமல் நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் இழை விலகி மறுபடி சேராது. இடுப்பில் சுற்றும் பனேக்கைப் பல விலைகளில் காணலாம். கரையில் கைப்பூ வேலை இருந்தால் விலை கூடும். பூ வேலையின் முடிச்சுகளைப் பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ‘கைத்தறியா?’ என்று கேட்டால் பெரும்பாலான இமாக்கள் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். குறை என்னவென்றால், கேட்காவிட்டால் இரண்டும் ஒரே அடுக்கில் கலந்தே கிடக்கும், பெரும்பாலும் சீட்டு எதுவும் ஒட்டியிருக்காது.

ஷாபீ லான்பீ கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். யானை, குதிரை, மீன், பிறை, விண்மீன் எல்லாம் ஊசியால் பூவேலை செய்த கனத்த போர்வை. வீரம் காட்டிய படைவீரர்களுக்கு மெய்தெய் அரசர்கள் பரிசாகக் கொடுத்தது. தைத்தவர்கள் பெண்கள். பெற்றவர்கள் பெயர் பாட்டிலும் கதையிலும் வந்தது, தைத்த கைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. 2014இல் ஷாபீ லான்பீ, வாங்கெய் பீ, மொய்ராங் பீ மூன்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவாவது நடந்ததே.

கௌனா என்ற நீர்க்கோரையில் பின்னிய பாயும் வட்ட இருக்கையும் நல்ல பெறுமானம். நம் கோரைப்பாய்போல மெலிந்திருக்காது, மெத்தைபோல அமுங்கும். மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். சென்னைபோன்ற ஈரப்பதமான ஊரில் மாதம் ஒரு முறையாவது வெயில் காட்டாவிட்டால் பூசணம் பிடிக்கும். மண்பாண்டங்களில் லோங்பி ஊரின் கறுப்புச் சட்டிகள் பெயர் பெற்றவை. பாம்புக்கல்லை இடித்த பொடியும் களிமண்ணும் பிசைந்து, சக்கரமில்லாமல் கையால் வனைந்து, திறந்த நெருப்பில் சுட்டு, சூட்டோடு இலையால் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். அடுப்பில் நேரடியாக வைக்கலாம். முதல் முறை மட்டும் சிறு தீயில் கஞ்சித்தண்ணீர் காய்ச்சிப் பழக்க வேண்டும். சூடான சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விடும். விரலால் தட்டிப் பார்த்து மணிபோல ஒலிப்பதை எடுங்கள். ஆண்ட்ரோ ஊரின் பானைகளும் அவ்வப்போது வரும், அந்த ஊரில் பானை வனைவது பெண்களின் தொழில்.

விலை பேசும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. காயும் கீரையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள், கூறுக்கு ஒரு விலை. அதில் பேரம் பேசுவது அழகல்ல, பேசினாலும் பெரிதாகக் குறையாது. இரண்டு கூறு எடுத்தால் கைநிறையக் கொசுறு வரும். துணியில் கொஞ்சம் பேசலாம். சில்லறை நோட்டுகளை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ‘மசி கயானோ?’ என்றால் ‘இது என்ன விலை?’ நன்றி சொல்ல ‘தாகத்சரி’. இந்த இரண்டு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிடும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். வியாபாரம் நடக்கிற இடத்தில் ஒன்றும் வாங்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களை அவர்கள் விரும்புவதில்லை, விரும்பவும் தேவையில்லை.

முதலுக்கு இவர்கள் வங்கியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ‘மரூப்’ என்று ஒன்று நடத்துகிறார்கள், நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரு தொகை போட, முறைப்படி ஒருவருக்கு மொத்தமும் போகும். சங்கத்தின் மூலம் சரக்குக்குக் கடன் வாங்கி விற்றபின் திருப்பும் ஏற்பாடும் உண்டு. இந்த ஒற்றுமைதான் சந்தையை நிறுத்தி வைத்திருக்கிறது. 2010இல் இப்போதைய கூடங்களுக்கு மாறினார்கள். 2016 ஜனவரி 4 அன்று வந்த 6.7 அளவு நிலநடுக்கத்தில் கட்டடம் விரிசல் விட்டபோது வெளியே வந்து தற்காலிகக் கொட்டகைகளில் கடை விரித்தார்கள். பெருந்தொற்றின்போது மாதக்கணக்கில் மூடப்பட்டும் மீண்டார்கள்.

சந்தையிலிருந்து காங்லாவின் மேற்கு வாசலுக்கும் ஒரு நடை போய் வரலாம். 2004 ஜூலை 15 அன்று, மனோரமா என்ற இளம்பெண் அசாம் ரைபிள்ஸ் படையால் காவலில் எடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து 12 இமாக்கள் ஆடை களைந்து நின்றது அங்கேதான். அந்த ஆண்டு நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் காங்லாவைவிட்டு வெளியேறியது. 1939இல் பயனெட்டோடு சந்தைப் பெண்கள் முன் நின்றதும் அதே படைதான் என்பதை அந்த வாசலில் நிற்கும்போது நினைக்காமல் இருக்க முடியாது.

இம்பாலில் சில கடைகளில் மோரே வழியாக வந்த பர்மியச் சரக்குகளைப் பார்க்கலாம். மோரே இங்கிருந்து 110 கிலோமீட்டர் அளவில் உள்ள எல்லை ஊர். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் குடியேறி அங்காள பரமேஸ்வரிக்குக் கோவில் கட்டியிருப்பதும் அங்கேதான். தமிழ்க் குரல் கேட்கும் ஆசையில் உடனே கிளம்பிவிடாதீர்கள். 2023க்குப் பிறகு அந்தச் சாலையின் நிலைமையை உள்ளூரில் விசாரிக்காமல் போகக் கூடாது.

கூடங்களுக்கு வெளியே நடைபாதையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் இவர்கள். உரிமம் இல்லாததால் அவ்வப்போது எழுப்பி விரட்டப்படுகிறார்கள். கூடையில் இருப்பது அன்று காலை தோட்டத்தில் பறித்தது: கீரைக்கட்டு, நெல்லிக்காய், தாமரைத்தண்டு, லோக்தாக் ஏரிப் பக்கத்து நீர்ப்பழங்கள். கீரைக்கு உள்ளே போகுமுன் இவர்களிடம்தான் முதலில் குனிய வேண்டும். மாலை நாலு மணிக்குப் போனால் மிச்சக் கூறுகளைச் சேர்த்துப் பாதி விலைக்குத் தருவார்கள். அப்போது பேரம் பேசாமல், கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.